கதவுக்குள் ஊமையான ஒலிபெருக்கி

"கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. காதிற் கேளாமையும் சில வேளைகளிற் பொய்யாகலாம் என்பதை எமக்குக் கற்பித்தது ஒரு பழைய காரின் கதவு. அந்தப் பாடத்தை இவ்வாரம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எமது வீட்டில் உள்ள கார் 1999 ஆம் ஆண்டு ஜப்பானிற் செய்யப்பெற்றுப் பின்னர் இலங்கைக்கு வந்த சிறிய வண்டியாகும். புதிய வண்டி வாங்கும் எண்ணம் எமக்கும் ஒருகாலத்தில் இருந்தது. ஆனால் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். அந்த ஐந்தாண்டுகளில் நாட்டிலுள்ள பல குடும்பங்களைப் போல நாமும் பழைய வண்டியைப் பேணக் கற்றுக்கொண்டோம். பேணப் பேண அதன்மீது ஒருவகைப் பாசமும் உண்டாகிவிட்டது.

இந்த வண்டியில் ஒலிபெருக்கிகள் இரண்டே. முன்கதவுகளில் பக்கத்துக்கொன்றாக அவை அமைந்துள்ளன. நாம் வலப்புறம் இருந்து வண்டியைச் செலுத்துவோம். இடப்புற ஆசனம் எண்பது வயதைத் தாண்டிய எமது தந்தையாருக்கு உரியது. காலைச் செய்தியையும் மரண அறிவித்தலையும் தவறாது கேட்பவர் அவர். சென்ற ஆண்டில் ஒருநாள், "தம்பி, றேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிடு" என்றார். கூட்டினோம். மறுநாளும் அவ்வாறே கேட்டார். எமக்கோ சத்தம் காதை அடைத்தது. பின்னாசனத்திலிருந்த இல்லத்தரசியும், "மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது" என்றார். வயதுக்கு வருவதுதானே என்று நாமும் ஒப்புக்கொண்டோம். அவர் முன்னிலையிலேயே காதுக் கருவியின் விலையைப் பற்றிப் பேசினோம் என்பதை இன்று நினைத்தால் நாணமாக இருக்கின்றது.

அவர் ஒருமுறை, "வீட்டிலை உள்ள றேடியோ எனக்கு வடிவாய்க் கேட்குதே" என்றார். இன்னொருமுறை, "கதவு திறந்திருக்கேக்கை சத்தம் கேட்குது, சாத்தினவுடனை நிண்டுபோகுது" என்றார். முதியவரின் மனப்பிரமை என்று அதனையும் தள்ளிவிட்டோம். அதன்பின் அவர் வானொலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தவாறு வருவார், போவார்.

ஒரு சனிக்கிழமை தந்தையார் வரவில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் பயிலும் எமது மகன் அவருடைய ஆசனத்தில் அமர்ந்தான். வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் கதவிற் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்பப்பா சொன்னது சரி. இந்தப் பக்கம் ஒண்டும் கேக்கேல்லை" என்றான். வண்டியை ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்தோம். ஊமையாயிருந்த ஒலிபெருக்கி பேசிற்று. சாத்தினோம், அடங்கிற்று. தந்தையார் சொன்னது நோயின் இலக்கணமே. அதனைக் கேட்கும் காது எமக்குத்தான் இல்லாமற் போயிற்று.

ஒலிபெருக்கியின் உள்ளே

பழுதை அறிய முன்னர் பொருளை அறிதல் வேண்டும். இன்று வழங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவிலே றைஸ், கெலொக் என்னும் இருவர் 1925 ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டனர். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியதும் அதே 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலாகும். ஒரு காந்தம், அக்காந்தத்தின் ஒடுங்கிய இடைவெளியில் அசையும் மெல்லிய கம்பிச் சுருள், அச்சுருளோடு ஒட்டிய கடதாசிக் கூம்பு, கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் றப்பர் அல்லது நுரை வளையம். இவையே அதன் முக்கிய உறுப்புகள். சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைகின்றது. காற்றும் அதனோடு அசைந்து ஒலியாகின்றது.

ஆகவே ஒலிபெருக்கிக்கு வரும் நோய்களும் சிலவே. சுருள் அறுந்தால் முழு மௌனம். சுருள் வெந்து வளைந்தாலோ இடைவெளியில் அழுக்குச் சேர்ந்தாலோ உராயும் ஓசை. விளிம்பு உக்கினால் தாழ்ந்த சுரங்களில் நடுக்கம். கூம்பு கிழிந்தால் கரகரப்பு. எமது நாட்டின் வெயிலும் ஈரமும், கரையோரத்து உப்புக்காற்றும் விளிம்பையும் கூம்பையும் விரைவில் உக்கச் செய்கின்றன.

கதவைக் கழற்றுமுன்

எமது வண்டியை முதலில் ஒரு கராச்சுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, வானொலிப் பெட்டியே பழுதென்றும் புதியது பூட்ட வேண்டுமென்றும் கூறினார். கதவைத் திறந்தால் ஒலி வருவதை எடுத்துச் சொன்னோம், அவர் செவிசாய்க்கவில்லை. நாம் எமது தந்தையாருக்குச் செய்ததை அவர் எமக்குச் செய்தார். பணத்தைச் செலவிடுமுன் நாமே சோதிப்பது என்று மகனும் நாமும் தீர்மானித்தோம்.

முதலாவது சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வானொலிப் பெட்டியில் ஒலியை இடம் வலமாகத் தள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. யாரோ அதனைத் தவறுதலாக ஒரு பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம். அதனை நடுவில் நிறுத்திப் பார்த்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

இரண்டாவது, ஜப்பானிய வண்டிகளுக்கே உரியது. அந்நாட்டுப் பண்பலை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே இருந்தது. எமது நாட்டிலோ அது 108 வரை செல்கின்றது. ஆதலின் பழைய ஜப்பானியப் பெட்டிக்கு அலைமாற்றி ஒன்றைச் சேர்த்தே இங்கு கேட்கிறோம். அம்மாற்றியின் இரைச்சலை ஒலிபெருக்கியின் குற்றமாகக் கொள்ளலாகாது. பாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டால் உண்மை விளங்கிவிடும்.

மூன்றாவது சோதனை மிக்க பயனுடையது. பெட்டியை வெளியே இழுத்து, இடப்புற ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளையும் வலப்புறத்துக்குரிய இரு கம்பிகளையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். மௌனம் வலப்புறத்துக்குத் தாவினாற் குற்றம் பெட்டியினுடையது. இடப்புறமே ஊமையாக நின்றால் குற்றம் வயரிலோ ஒலிபெருக்கியிலோ உள்ளது. எமது வண்டியில் இடப்புறமே ஊமையாக நின்றது. பெட்டி பிழைத்தது, எமது பணமும் பிழைத்தது.

உட்பலகையைக் கழற்றல்

வேலை தொடங்குமுன் பற்றறியின் எதிர் முனையைக் கழற்றிவிட வேண்டும். சில பெட்டிகள் மின் அறுந்ததும் பூட்டிக்கொண்டு இரகசிய எண் கேட்கும். அவ்வெண் கையிலிருக்கிறதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்க. விபத்தில் விரியும் காற்றுப்பை பக்கவாட்டில் உள்ள வண்டிகளில், மஞ்சள் நிற இணைப்பு எதனையும் தொடலாகாது.

கதவின் உட்பலகையைப் பிடித்திருப்பவை சில திருகாணிகளும் பல பிளாஸ்ரிக் கிளிப்புகளுமே. திருகாணிகள் கண்ணுக்குத் தெரியா. கைபிடியின் குழிக்குள் ஒன்று, கதவைத் திறக்கும் நெம்பின் மூடிக்குப் பின் ஒன்று என்று மறைந்திருக்கும். கண்ணாடியைக் கையாற் சுற்றி இறக்கும் வண்டிகளில் அச்சுற்றுப் பிடியின் பின்னே கம்பியாலான சிறு கிளிப் ஒன்று உண்டு. பழந்துணியின் ஓரத்தைப் பிடிக்கும் பலகைக்கும் இடையே செலுத்தி, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதுபோல் இருபுறமும் இழுத்தால் அது துள்ளி விழும். துள்ளுவது எங்கே விழுகிறதென்று பார்க்க ஒரு சிறுவன் அருகில் இருத்தல் நன்று.

பின்னர்ப் பலகையின் கீழ் விளிம்பிற் கைவிட்டு, ஒவ்வொரு கிளிப்புக்கும் அருகே பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். கிளிப்பிலிருந்து எட்டப் பிடித்து இழுத்தாற் பலகை கிழியும். இருபது வருட வெயிலில் வெந்த கிளிப்புகளிற் சில உடைவது உறுதி. புதியனவாய் ஆறேழு முன்னரே வாங்கி வைத்தல் வேண்டும். எல்லாம் விட்டபின் பலகையை நேரே மேலே தூக்கினாற் கழன்றுவரும். உடனே இழுத்துக்கொண்டு ஓடலாகாது. மின்சார யன்னலின் வயர் பின்னாலிருக்கலாம்.

பலகைக்குப் பின்னே பொலித்தீன் திரை ஒன்று கரிய பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இதனை வீண்பொருள் என்று கிழித்தெறிவோர் உளர். அது பெருந்தவறு. மழை பெய்யும்போது யன்னற் கண்ணாடியின் வழியே நீர் கதவினுள் இறங்குவது இயல்பு. அந்நீர் கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்களால் வெளியேறும்படியே வண்டி அமைக்கப்பட்டுள்ளது. திரை கிழிந்தால் நீர் உட்பலகையையும் ஒலிபெருக்கியையும் நனைக்கும். துவாரம் அடைத்தாற் கதவே உள்ளிருந்து துருப்பிடிக்கும். எமது கதவில் இவ்விரண்டும் நேர்ந்திருந்தன. முன்னொருகால் யன்னலைத் திருத்தியவர் திரையைக் கீறிவிட்டு அப்படியே மூடியிருந்தார். துவாரங்களை ஒரு குச்சியாற் குத்தியதும் அரைக் கோப்பை கறுத்த நீர் வழிந்தது.

நோயைக் கண்டுபிடித்த விதம்

ஒலிபெருக்கியின் இணைப்பைக் கழற்றிப் பல்மானியால் அதன் தடையை அளந்தோம். நான்கு ஓம் என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி பல்மானியில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே காட்டுதல் முறை. முள் அசையாவிடின், அல்லது எண் தோன்றாவிடின், சுருள் அறுந்தது என்க. எமது மானி 3.4 காட்டிற்று. சுருள் உயிரோடிருந்தது.

பல்மானி இல்லாதவர் வருந்த வேண்டியதில்லை. ரோச் லைற்றுக்குப் போடும் 1.5 வோல்ற்றுக் கலம் ஒன்றை இரு வயர்த் துண்டுகளால் ஒரு கணம் மட்டும் ஒலிபெருக்கிக்குத் தொட்டு எடுத்தாற் 'டப்' என்ற ஓசை எழும், கூம்பு அசையும். வானொலிப் பெட்டியோடு தொடர்பு முற்றும் நீங்கிய பின்னரே இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

எஞ்சியது வயர். கதவின் முனையில் இரு வயர்களையும் ஒன்றாக முடிந்துவிட்டு, வானொலிப் பெட்டியின் பக்கத்தில் மகன் பல்மானியைப் பிடித்துக்கொண்டான். நாம் கதவை மெல்லச் சாத்தினோம். பாதி சாத்தியதும், "போச்சு!" என்றான். திறந்தோம், "வந்திட்டுது!" என்றான். கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே, கீல்களின் அருகில் உள்ள றப்பர் உறைக்குள் குற்றம் ஒளித்திருந்தது. ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த செப்புக் கம்பி அவ்விடத்தில் அறுந்திருந்தது. மேலுறை அறாமையால் வெளியே எதுவும் தெரியவில்லை. கதவு திறக்கையில் முனைகள் ஒன்றையொன்று தொட்டன, சாத்துகையில் விலகின.

அறுந்த இடத்தை வெறுமனே முறுக்கி ஒட்டுநாடாச் சுற்றுவது போதாது. மடங்கும் இடமாதலால் மீண்டும் அறும். பழுதான பகுதியை வெட்டி நீக்கி, அதே பருமனுள்ள மெல்லிழை வயர்த் துண்டை இடையிற் சேர்த்து, இணைப்புகள் றப்பர் உறைக்கு வெளியே இருபுறமும் அமையும்படி ஈயம் பற்றவைத்தோம். சூட்டிற் சுருங்கும் உறையை ஒவ்வொன்றின்மீதும் இட்டோம். செலவு ஒரு தேநீர்ச் செலவிலும் பெரிதன்று.

ஒலி வந்தது, ஆனாற் கரகரவென்று வந்தது. நீரில் ஊறிய கூம்பின் ஓரம் உக்கிப் பிய்ந்திருந்தது. எனவே ஒலிபெருக்கியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

புதியதைத் தெரிதல்

ஒன்று பழுதாயினும் இரண்டையும் சேர்த்து மாற்றுதல் நன்று. இல்லாவிடில் இருபக்க ஒலியும் ஒன்றுபோல் அமையா. கொழும்பில் இத்தகைய பொருள்களுக்குப் பஞ்சிகாவத்தையை அறியாதார் இலர். ஆனால் அளவின்றி அங்கு செல்லலாகாது. சட்டத்தின் விட்டம், திருகாணித் துவாரங்களுக்கு இடைப்பட்ட தூரம், காந்தத்தின் ஆழம் ஆகிய மூன்றையும் மில்லிமீற்றரிற் குறித்துக்கொள்ள வேண்டும். கதவில் உள்ள ஆழத்தைக் கண்ணாடியை முற்றாக இறக்கிய நிலையிலேயே அளத்தல் வேண்டும். நாம் கண்ணாடியை ஏற்றி வைத்து அளந்தோம். வாங்கி வந்த ஒலிபெருக்கியின் காந்தம் யன்னலை இறக்கியபோது கண்ணாடியில் முட்டியது. மறுநாள் அதனை மாற்றி வாங்கக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆழம் சிறிதே போதாதெனின், ஒட்டுப் பலகையில் வளையம் ஒன்றை வெட்டி, ஈரம் ஏறாதவாறு வர்ணம் பூசி, ஒலிபெருக்கியின் அடியில் இடலாம். அப்போது கூம்பு முன்னே வரும். உட்பலகையின் வலையில் அது முட்டாதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைகளில் 200 வாற்று, 300 வாற்று என்று பெட்டிகளின்மேற் கொட்டை எழுத்தில் இருக்கும். மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். இயந்திரம் ஓடும்போது வண்டியில் உள்ளது சுமார் 14 வோல்ற்று. வேறு பெருக்கி எதுவும் இல்லாத சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கிக்கு அதற்குமேல் உச்ச அழுத்தம் கொடுக்க இயலாது. தெளிவான ஒலியில் அதன் பயன்படு பெறுமானம் ஏறக்குறைய 10 வோல்ற்று. அதன் வருக்கம் 100. நான்கு ஓமால் வகுத்தால் 25 வாற்று. இழப்புகள் போகச் சுமார் 20 வாற்றே மிஞ்சும். ஆகவே பெரிய எண்ணுக்குப் பணம் கொடுத்தல் வீண். தடை நான்கு ஓமாக இருத்தலே முக்கியம். ஒரே வயரில் நான்கு ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைச் சமாந்தரமாகத் தொடுத்தாற் தடை இரண்டு ஓமாகக் குறைந்து, மின்னோட்டம் பெருகிப் பெட்டி கொதிக்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

சில வண்டிகளில் ஒலிபெருக்கி திருகாணியாலன்றித் தறையாணியால் அறையப்பட்டிருக்கும். அதனைத் துளைத்தே எடுக்க வேண்டும். இரும்புத் தூள் பறக்கும்; புதிய ஒலிபெருக்கியின் காந்தம் அத்தூளை இழுத்துக்கொண்டால் அதன் வாழ்வு குறுகும். ஆதலின் தூளை முற்றாகத் துடைத்த பின்னரே புதியதைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். துளைத்த இடத்திற் சிறிது வர்ணம் பூசினாற் துருப்பிடியாது.

ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு வயர்களில் எதனையும் வண்டியின் உடலோடு இணைக்கலாகாது. மிகப் பழைய வானொலிகளில் அவ்வழக்கம் இருந்தது. இக்காலப் பெட்டிகளில் இரு வயர்களிலும் மின்னழுத்தம் உண்டு. ஒன்றை உடலோடு தொடுத்தால் பெட்டியின் பெருக்கி எரிந்துபோகலாம்.

நேர், எதிர் முனைகள் இருபக்கத்திலும் ஒரேவிதமாக அமைதல் வேண்டும். ஒரு பக்கம் மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே செல்லும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி ஓசை காணாமற் போய்விடும். இதனை அறியும் வழி எளிது. ஒலியை ஒரு பக்கமாக முற்றும் தள்ளிக் கேளுங்கள். நடுவில் இருந்தபோது இல்லாத கனம் அப்போது தோன்றுமாயின், ஒரு பக்கத்து வயர்கள் மாறியுள்ளன என்பது உறுதி.

இறுதியாக, பொலித்தீன் திரையைக் கிழிசல் ஒட்டி, பழைய பசையின்மேல் அழுத்தி இடத்தில் வைத்தோம். தளர்ந்த வயர்களை நாடாவாற் கட்டினோம். இல்லாவிடில் அவை கதவில் மோதி எழுப்பும் சடசடப்பை ஒலிபெருக்கியின் தலையில் சுமத்த நேரிடும். பலகையைப் பூட்டுமுன் கண்ணாடியை ஏற்றி இறக்கி, பூட்டைத் திறந்து மூடி, வானொலியையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துக்கொண்டோம்.

விசாரணையின் முடிவு

ஞாயிறு காலை தந்தையாரை வண்டியில் ஏற்றினோம். கதவைச் சாத்தினோம். செய்தி தொடங்கியது. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "தம்பி, ஏன் இவ்வளவு சத்தம்? கொஞ்சம் குறை" என்றார். நாம் குறைத்தோம். பின்னாசனத்தில் மகன் சிரித்தான். இல்லத்தரசி யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுக் கதையையும் கூறுவதே நேர்மை. பின்னர் வைத்தியரிடம் காட்டியபோது, தந்தையாரின் வலக்காது உண்மையிலேயே சற்று மந்தம் என்று தெரியவந்தது. இடக்காது நன்றாகவே உள்ளது. நல்ல காதின் பக்கத்து ஒலிபெருக்கி ஊமையாகி, மந்தமான காதின் பக்கத்தில் உள்ளது மட்டும் பேசியதாலேயே அவர் அத்தனை இடர்ப்பட்டார். நாம் ஊகித்ததிற் சிறு பங்கு மெய் இருந்தது. அந்தச் சிறு மெய்தான் எம்மை மேலும் ஆராயாதவாறு தடுத்தது.

வீட்டில் ஒருவர் "கேட்கவில்லை" என்றாற் கருவியை முதலிற் சோதியுங்கள். அவர் எப்போது கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று சொல்வதையும் இடைமறியாது கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பல்மானியும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

அடுத்த வாரம், மழைக்காலத்தில் வண்டியின் பற்றறியைப் பேணும் முறை பற்றிக் கூறுவோம்.